கண்ட சாட்சி

"அதெப்படி சேச்சி? ரெண்டாவது சாட்சிக்கு எனக்கு இன்னும் ஆளே கெடைக்கலையே."

"கிடைக்கலையா? காலையிலே ஆபீஸ் தொறந்த உடனே வந்து, எழுதி, ஒப்பும் போட்டுட்டுப் போயாச்சல்லோ. நீ அனுப்பிச்ச ஆளுன்னல்லே நான் நெனச்சது."

"நான் யாரையும் அனுப்பல."

"பின்னே ஆரு அனுப்பும்? உன் அபேட்சை மனு நம்பர்கூட அவருக்கு மனப்பாடம். எனக்கே மனப்பாடம் இல்ல."

வில்லேஜ் ஆபீஸ் கிளார்க் ரிஞ்சு சிரித்துக்கொண்டே கோப்பைப் பிரித்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். இந்து அதைத் தொட்டாள். கோப்பிலிருந்த மற்ற தாள்களெல்லாம் காய்ந்து மொடமொடவென்றிருக்க, அது மட்டும் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கிழங்கு தோண்டிய குழியில் முகத்தை வைத்தால் வருமே, அந்த வாசனை அதிலிருந்து வந்தது.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் இந்துவுக்குள் ஒன்றும் அசையவில்லை. இரண்டு மாத அலைச்சலில் அவளுக்குச் சந்தோஷமும் அழுகையும் ஒன்றுபோல மரத்துப்போயிருந்தன. அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் ஜாதிச் சான்றிதழ் வேண்டும். அது வேண்டுமென்றால், குடும்பம் 1950க்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அம்மா சுருளியம்மாளுக்கு அடுத்த மாதம் தோட்ட வேலை முடிகிறது. அதோடு வீடும் போய்விடும். இந்த வேலை ஒன்றுதான் கூரை.

அவர்கள் ஊர் பட்டாளமேடு, ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய ஊர். போடிமெட்டுச் சாலையிலிருந்து பிரிந்து ஏறுகிற மலையில், கீழே காய்ச்சல் கண்ட சிப்பாய்களைக் குளிர்காற்றுக்காகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர்கள் படுத்திருந்த கல் பாரக்குகள்தான் இன்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். அந்த ஊரின் பழைய காகிதம் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் இந்து ஏறி இறங்கிவிட்டாள். சர்ச் பதிவேட்டில் சிப்பாய்கள் இருந்தார்கள்: பெயர், ரெஜிமெண்ட், வயது, செத்த நோய். கல்லறைத் தோட்டத்தில் ஒரு மேஜரின் குதிரைக்குக்கூடப் பெயர் வெட்டிய கல் இருந்தது. அவர்களுக்கெல்லாம் டோலி தூக்கிய அவளுடைய பூட்டன் பிச்சைமணிக்கு எங்கேயும் ஒரு வரி இல்லை.

காகிதம் இல்லையென்றால், நேரில் கண்ட இரண்டு பேர் எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். தொண்ணூற்றிரண்டு வயது நாச்சம்மாள் ஒருத்தி கொடுத்தாள். அந்த வயதில் மலையில் வேறு யாரும் மிச்சமில்லை.

"எப்படி இருந்தாரு சேச்சி அந்த ஆளு?"

"மொகம் கண்டில்ல. தலையோட கம்பளி. ஒரே மஞ்சும் பனியும்கூட, லைட் போட்டும் வெளிச்சம் போதல. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அட்ரஸ் மட்டும் கேட்டு நானே மலையாளத்தில் எழுதிக்கிட்டேன். அங்கேதான் குழப்பம். ஆறாம் பாரக், நாலாம் கதவு. அது உன் வீடில்லே? ஒரே வீட்டு ஆளுங்க சாட்சி சொல்ல முடியாது மோளே. நாளைக்குக் காலையிலே அவரைக் கூட்டி வந்து அட்ரஸ் திருத்து. தாலுக்காவுக்கு நான் அனுப்பிடறேன்."

இந்து தாளைப் படித்தாள். முத்து முத்தான பழைய கையெழுத்து.

'பட்டாளமேடு இந்துவின் பூட்டனார் பிச்சைமணியை எனக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்றாம் வருஷம் அவர் கேம்ப்பில் டோலி தூக்கினார். நாங்கள் முப்பத்தொரு பேர் பாதை வெட்ட வந்தவர்கள். எங்களுக்குக் காய்ச்சல் கண்டது. பட்டாளத்துக்குத் தொற்றக்கூடாது என்று எங்களை மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்லி உத்தரவானது. எல்லோருக்கும் உயிர் போயிருக்கவில்லை. என்மேல் மண் போட்டவர் பிச்சைமணி. கண் மறைகிறவரை அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அவர் அன்று இங்கே இருந்தார் என்பதற்கு நான் கண்ட சாட்சி. இப்படிக்கு, சுடலைமணி.'

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் ரிஞ்சு.

வெளியே குழாயடியில் யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. இந்து தாளை மடித்து நீட்டினாள்.

"பூட்டனை நல்லாத் தெரியும்னு எழுதியிருக்காரு சேச்சி."

ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகும் விரல் நுனியில் ஈரம் போகவில்லை. பாவாடையில் துடைத்தாள், கம்பியில் துடைத்தாள், காற்றில் நீட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் தேயிலைச் சரிவு மூடுபனிக்குள் இறங்கி மறைந்துகொண்டிருக்க, டயருக்கு அடியில் சரளை நொறுங்கும் சத்தமும் எஞ்சினின் முனகலும் அவளுக்கு வெகு தூரத்தில் வேறு யாருக்கோ நடப்பதுபோலக் கேட்டன. யாரோ கிறுக்கன், குடும்பத்துமேல் பகை இருக்கிறவன் எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். யாராக இருந்தால் என்ன, அட்ரஸை மாற்றிக் கையெழுத்துப் போட்டால் போதும். இதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"என்ன இந்து, ஒங்க வீட்டுல எதுவும் விசேஷமா?" என்றார் ஜீப் ஓட்டும் மத்தியாஸ். "சொல்லவே இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களோ?"

"இல்லண்ணே. ஏன்?"

"மத்தியானத்துல இருந்து ஆளுக ஏறிப் போய்க்கிட்டே இருக்காக. எல்லாம் கம்பளி போட்ட ஆளுக. ஜீப்புல ஏறுங்கய்யான்னா ஒருத்தரும் ஏறல. கஞ்சப் பயலுக." வண்டியை நிறுத்திவிட்டு மேட்டைப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது. "ஏறுனாக, சரி. எறங்குனதைத்தான் ஒருத்தரையும் காணோம்."

மணி நாலுதான். ஆனால் மேட்டில் பகல் முடிந்துவிட்டிருந்தது. பனி கல் சுவர்களுக்கு நடுவே பால் மாதிரி தேங்கி நின்றது. எல்லோரும் கொழுந்து எடுக்கப் போயிருக்கிற நேரம். ஆனாலும் ஒரு கோழியாவது கத்தும், ஒரு டிவியாவது ஓடும். இன்று ஆறாம் பாரக்கின் நீளம் முழுக்க அவள் செருப்புச் சத்தம் மட்டும் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. கூடவே அந்த மண் வாசனை. முதல் கதவில் லேசாக. இரண்டாம் கதவில் தொண்டைவரை.

மூன்றாம் கதவருகே சுவரோரமாக ஆட்கள் நின்றிருந்தார்கள்.

வரிசையாக. ஒருவர் பின் ஒருவராக. தலையோடு கம்பளி. ஒவ்வொரு கையிலும் ஒரு தாள். அவள் கடந்து போனபோது யாரும் திரும்பவில்லை, யாரும் செருமவில்லை. அந்தக் குளிரில் அவள் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. அவர்கள் வாய்க்கு முன்னால் ஒன்றுமில்லை.

நாலாம் கதவு திறந்திருந்தது.

"அம்மா."

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சாப்பாட்டுத் தட்டு. தட்டில் குழைத்த சிவப்பு மண். அதில் கட்டைவிரலை அமுக்கினாள். நீட்டிய தாளில் வைத்தாள். எடுத்தாள். அடுத்த தாள். அமுக்கினாள். வைத்தாள்.

சுவரைச் சுற்றிக் கம்பளிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் மூச்சு விட்டார்கள். புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள்போல, வாயைத் திறந்து, சத்தமாக. ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளைப் புகை.

அம்மா வாயிலிருந்து வரவில்லை.

இந்து குனிந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். நர்ஸின் கை, தானாக நாடியைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிக் கறுத்து வெடித்த கட்டைவிரல் அது. இப்போது அதில் வெடிப்பு இல்லை. கறை இல்லை. ரேகை இல்லை. கரைந்த சோப்பு மாதிரி வழுவழுவென்றிருந்தது. நகமும் இல்லை.

"அம்மா, நான்தாம்மா. இந்து."

சுருளியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். மரியாதையாக.

"நீங்களும் மனு குடுக்க வந்தீகளா தாயி? வரிசையில போயி நில்லுங்க."

மறுபடி குனிந்தாள். அமுக்கினாள். வைத்தாள். தாளில் ஈர மண் மட்டும் அப்பியது. கோடுகள் விழவில்லை. இன்னொரு முறை வைத்தாள். விழவில்லை. கை நின்றது. அப்படியே நின்றது.

வெளியே வரிசை ஓர் அடி முன்னால் நகரும் சத்தம்.

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் கம்பளியை விலக்கினார். கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் மண் உதிர்ந்தது. பொறுமையான முகம். எண்பது வருஷம் காத்திருந்த முகம். அவர் தட்டை அம்மாவின் முன்னாலிருந்து எடுத்து, துடைத்து, இந்துவின் முழங்காலருகே வைத்தார். அதன் பக்கத்தில் தாள்களை அடுக்கினார்.

"ஒங்க பூட்டன் இங்க இருந்தாருன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன் தாயி," என்றார். குரல் கரகரத்தது. "நாங்க இருந்தோம்னுதான் எழுதிக் குடுக்க ஒரு ஆளில்ல. ஒங்க ஆத்தா கை தேஞ்சுபோச்சு. இன்னும் பதினாலு பேரு பனியில நிக்கிறாங்க. நீ எங்களைக் கண்ணால கண்டுட்டேல்ல? கையெழுத்தெல்லாம் வேணாம். ஒரே ஒரு கைநாட்டு, இந்தா, இந்த எடத்துல வச்சுக் குடு தாயி."