கைப்பிடிக் கம்பி

அடைமழை நாளில் இரும்பைத் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். முத்துமணி கட்டிலை விட்டிறங்கிச் சுவரோரக் கம்பியைப் பிடித்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அவ்வளவு நேரம் பிடித்திருந்துவிட்டு அப்போதுதான் கையை எடுத்ததுபோல. வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. புருஷன் தங்கப்பாண்டியன் வெல்டிங் பட்டறையில் இருந்தான். மகள் செல்வி டியூஷனுக்குப் போயிருந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே ஏசிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துக் குளியலறைப் பக்கம் நகர்ந்தாள்.

அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் மருந்து தீப்பிடித்து, கூரைத் தகரம் மேலே விழுந்து, அவளுடைய இடுப்பும் இடதுகாலும் நொறுங்கி மாசக்கணக்கு ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நடை பழக்கிய பெண், அனுப்பும்போதே வீட்டைத் திருத்தச் சொல்லியிருந்தாள். தலைவாசலில் தொடங்கிப் பின்னால் குளியலறை வரை சுவரோடு ஒரே கம்பி ஓட வேண்டும், நடுவில் விட்டுப்போகக் கூடாது. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் ஆகாது, விழுந்தால் யார் போய்த் தூக்குவது? இன்னொரு தடவை விழுந்தால் ஆயுசுக்கும் படுக்கைதான் என்றும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து முத்துமணிக்கு அந்தப் பயம் ஒன்றுதான் பெரிய பயம்.

தங்கப்பாண்டியன் சொன்னதெல்லாம் செய்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் கடையில் ஒரு சாமான் வாங்க அவனுக்கு மனசு வராது. எரிந்த ஆபீஸ் ஷெட்டைப் பிரித்துப்போடும் வேலை அவனுக்கே வந்தது. தீக்குச்சி அடுக்கிய சட்டங்களைச் சாய்த்து உலர்த்த அங்கே சுவர் நீளத்துக்கு ஓடிய கம்பியை அறுத்துக் கொண்டுவந்து, கரியைச் சுரண்டி, பச்சைப் பெயின்ட் அடித்து வீட்டில் மாட்டிவிட்டான். தீப்பட்ட இடத்து இரும்பை வீட்டுக்குள் சேர்க்காதே என்று பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் சொன்னதற்குச் சிரித்தான்.

“எரியுத வீட்டுல புடுங்குனது லாபம், மதினி.”

சிரிக்கிற காரியமா அது? அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஆனந்தி செத்துப்போனாள். முத்துமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பிள்ளை, கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கண் தெரியாத புகையில் வாசல் எங்கே என்று அவள் கேட்க, தகரத்துக்கு அடியில் கிடந்த முத்துமணி கம்பியைப் பிடித்துக்கொண்டே வரச்சொல்லிக் கத்தினாள். அந்தப் பிள்ளையும் பிடித்துக்கொண்டேதான் போனது. வாசல் பக்கம் வராமல், முட்டுச்சுவர்ப் பக்கம் போய்விட்டது. இதைப் புருஷனிடம் சொன்னால் கம்பியைப் பிடுங்கிப்போடுவான். கம்பி போனால் நடையும் போகும். முத்துமணி வாயைத் திறக்கவில்லை.

குளியலறைக்குள் காலை வைத்ததும் கரண்ட் போனது. சாயங்காலம்தான் என்றாலும் மேகம் கவிந்து வீடு கசமாக இருண்டு கிடந்தது. ஜன்னல் வழியாக நனைந்த கரிசலின் வாடை வந்தது, ஓட்டில் மழை ஓயாமல் இரைந்தது, அந்த இரைச்சலுக்கும் வாடைக்கும் நடுவே, ஆபீஸில் தீக்குச்சி முக்க அடுப்பில் ஏற்றிய மெழுகு இளகும்போது வருகிற வாசம் மெல்ல மெல்ல வீடு முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். கம்பி அதிர்ந்தது.

ஒரே கம்பி. வாசல் முனையை யார் தொட்டாலும் இந்த முனையில் தெரியும். மகள் வந்துவிட்டாள் என்று நினைத்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மழைக்கு மண் ஊறிப் பொதுமி நிலை கோணியிருந்ததால் தலைவாசல் கதவு முனகாமல் திறக்காது. கதவு முனகவே இல்லை.

அதிர்வு நின்றது. பிறகு ஒரு உரசல். உள்ளங்கை ஒன்று கம்பியின்மேல் வழுக்கி வருகிற உரசல். நின்றது. வந்தது. கட்டிலைத் தாண்டியது. அடுப்படியைத் தாண்டியது. பெயின்ட் தீயும் நாற்றம். அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தைக் கை தடவியது. நாலு திருகாணி ஓட்டைதான் இருந்தது.

கதவு மெல்லத் திறந்தது. கம்பி சுட்டது. கையை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். முகத்துக்கு நேரே அனல்.

“அக்கா, வாசல் எங்கன?”

இரக்கமா பயமா, அவளுக்கே தெரியாது. இங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது.

“அந்தப் பக்கம். கம்பியப் புடிச்சுக்கிட்டே போ.”

அனல் விலகியது. உரசல் திரும்பிப் போனது, இப்போது வேகமாக. அடுப்படி. கட்டில். முத்துமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது தலைவாசல் கதவு முனகியது.

செல்வி. கரிசல் மண் அப்பிய காலை வழிக்க, வந்ததும் கம்பியைத்தான் பிடிப்பாள்.

முத்துமணி கத்தப் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் பிந்திவிட்டது.

“ஏம்மா இருட்டுக்குள்ள நிக்க?” என்று மகளின் குரல் கேட்டது. பிறகு, “கைய விடும்மா. சுடுது.”

கம்பியைப் பிடிக்காமல் முத்துமணி ஓடினாள். ஓர் எட்டு. இடுப்பில் எலும்பு முறிந்த சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. தரையில் கிடந்தபடி தலையைத் தூக்கினாள்.

நேர் எதிரே தலைவாசல் திறந்து கிடந்தது. மின்னல் வெட்டியது. மழைக்குள், கரிசல் காட்டைப் பார்க்க, செல்வி ஒரு கையை முன்னால் நீட்டியபடி தள்ளாடித் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. நீட்டிய மணிக்கட்டைச் சுற்றி மட்டும் மழை விழ விழ ஆவியாகிக்கொண்டிருந்தது.