வளைக்குள் ஒரு குஞ்சு

எரிமலை வாயிலிருந்து பனிமூட்டம் வழிந்து யாதிராவின் முகத்தில் ஈரமாக ஒட்டியது, கந்தக வாடை மூக்கில் ஏறியது, பூட்ஸுக்கடியில் சாம்பல்மண் நறநறவென்று நொறுங்கியது. எல்லாம் போன வருஷம் போலத்தான். காலடி கேட்டதும் வளைகளுக்குள்ளிருந்து எழும் பெட்ரல் கடற்பறவைகளின் முனகல் மட்டும் இல்லை.

"தூங்குதுங்கபோல," என்றார் உபால்டோ. பறவைக் குஞ்சுகளைத் தின்னும் எலிகளை இந்தத் தீவில் பதினோரு வருஷம் பிடித்தே நரைத்துப்போன காவலர். கடைசி எலியைக் கொன்ற அன்று நிம்மதியில் உட்கார்ந்து அழுதவர். "எனக்குத் தோள்பட்டை பிடிச்சிருக்கு. நீயே வளைக்குள்ள கையை விட்டுக் குஞ்சுங்களை எண்ணும்மா. நான் மேல உக்காந்து எழுதிக்கிறேன்."

யாதிராவின் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. எலியோ பூச்சியோ ஒளிந்து வந்துவிடாதபடி, தீவுக்கு வரும் பைகளை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து, கதவடைத்த அறையில் பிரித்துப் பார்ப்பது விதி. போன வருஷம், அம்மா கொடுத்த வாழைக்காய் உருண்டைகள் கல்லாகிவிடுமே என்று ஒரு பையை மட்டும் படகுத்துறையில் ஒளித்து வைத்தாள். முகாமில் அதைத் திறந்ததும் ஒரு எலி குதித்தது. வயிறு பெருத்த எலி. கல்லெறிந்தாள், தப்பிவிட்டது. அது கடிக்காத உருண்டைகளை உபால்டோவுக்கும் கொடுத்தாள். எலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இப்போது அவர் முகத்தைப் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

முதல் வளை. முட்டை ஓடு மட்டும்.

இரண்டாவது. சிறகு, எலும்பு.

"எத்தனைம்மா?"

"பாத்துட்டு இருக்கேன் அண்ணே."

மூன்றாவதில் தோள் வரைக்கும் கையை நுழைத்தாள். கன்னத்தில் சாம்பல் அப்பியது. விரல்நுனியில் பஞ்சு. சூடு. அசைந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஒன்றாவது பிழைத்ததே.

மெல்ல வெளியே இழுத்தாள். சாம்பல்நிறக் குஞ்சு. வயிறு ஏறி இறங்கியது.

கண்கள் இல்லை.

வயிற்றுப் பஞ்சு பிரிந்தது. உள்ளே குடல் இல்லை. எலிக்குட்டிகள். ஏழெட்டு. கண் திறக்காதவை. தோல் மட்டும்தான் பறவை.

"ஒண்ணாவது இருக்கா?" என்றார் உபால்டோ மேலிருந்து.

"இருக்கு அண்ணே. கொழுத்த குஞ்சு."

சொல்லிவிட்டாள். அதை அப்படியே உள்ளே தள்ளினாள். உபால்டோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"வேணாம் அண்ணே, பயந்துக்கும்."

"ஒரே ஒருதரம் தொட்டுக்கிறேன்மா."

வலியோடு குப்புறப் படுத்து, வளைக்குள் கையை விட்டார். கண்ணை மூடிச் சிரித்தார்.

"சூடா இருக்கு," என்றார். "என் விரலைச் சப்புதும்மா."

கையை எடுக்கவே இல்லை.