ஏழு முறுக்கில் நான்காம் படகு

மூன்றாம் எண் படகு தலைகுப்புற மிதந்து வந்தது. உள்ளே ஆள் இல்லை!

அமலி இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து அதன் வாலைப் பிடித்து இழுத்தாள். பதினான்கு அடி ஃபைபர் படகு. அடிவயிற்றில் முழ நீளத்துக்குக் கிழிசல். துடுப்பைக் காணோம். அவளுடைய அண்ணன் பெலிக்ஸையும் காணோம்.

"காலைல ஆறு மணிக்கே ஜீப்புல ஏத்திக்கினு மேல்துறைக்குப் போனாரும்மா" என்றார் முகாம் சமையல்காரர் முனிரத்தினம். "தங்கச்சிகிட்ட சொல்லாதீங்கன்னாரு. ஏழு முறுக்கையும் தாண்டி வந்து காட்டுறேன்னாரு."

வேங்கையாறு ஒரு மலையைச் சுற்றிப் பாய்கிற இடம்தான் ஏழு முறுக்கு. இரண்டு பக்கமும் நானூறு அடிச் சுவர். நடுவில் ஏழு கொடூரமான வளைவுகள். மேல்துறையில் நுழைகிற தண்ணீர், மலையின் மறுபக்கம் இந்த முகாமுக்கு முன்னால்தான் வெளியே வரும். இதுவரை யாரும் அதற்குள் படகு விட்டதில்லை.

தூத்துக்குடிப் பக்கம் படகுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனும் தங்கையும் இந்த ஆற்றுக்காக கேனோ என்கிற ஒல்லிப் படகு ஒன்று செய்யத்தான் மூன்று மாதம் முன்பு வந்தார்கள். வந்த நாளிலிருந்து சண்டை. "நல்ல படகுன்னா ஒரே படகுதான், யார் கைக்கும் அது ஓடும்" என்பது பெலிக்ஸ் கட்சி. "கை மாறினா படகும் மாறணும்" என்பது அமலி கட்சி. நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் அவனைப் பார்த்து அவள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டாள். அதுதான் வினை!

முனிரத்தினத்தின் செல்போன் அலறியது. மலை உச்சியிலிருந்து வனக்காவலர்.

"அஞ்சாவது முறுக்குல, பாறைத் திட்டு மேல ஒருத்தர் ஆரஞ்சு ஜாக்கெட்டை ஆட்டுறாரு! உசுரோட இருக்காரு! ஆனா எழுந்து நிக்கல. கயிறு விட முடியாது. சுவரு உள்வாங்கிக் கிடக்குது."

மீட்புப் படை நகரத்திலிருந்து வர மாலையாகும். அமலி அடுத்து மேலணை என்ஜினியரை அழைத்தாள். அவர் பதில் நெஞ்சில் கல்லாக விழுந்தது.

"ராத்திரி பூரா மலையில மழைம்மா. அணை விளிம்பு வரைக்கும் நிறைஞ்சாச்சு. மூணு மணி வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல வச்சா அணையே தாங்காது. மூணு மணிக்குச் சங்கு ஊதும், ஷட்டர் திறக்கும். இருபது நிமிஷத்துல தண்ணி முறுக்குக்கு வந்திடும்."

"எவ்வளவு உயரத்துக்கு?"

"அந்தத் திட்டெல்லாம் மூழ்கிடும்மா."

மணி எட்டு. இருப்பது ஏழு மணி நேரம். முதல் இரண்டும் சோதனையிலேயே உடைந்துபோனவை; கையில் இருப்பது நான்காம் எண் படகு ஒன்றுதான்!

*

பட்டறைக் கொட்டகைக்குள் மாதப்பன் வந்து நின்றார். நாற்பது வயது. இந்த ஆற்றில் பரிசல் ஓட்டுகிறவர். தோள் இரண்டும் உரல் மாதிரி.

"நான் முன்னால குந்திக்கிறேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான்காம் எண், அமலி தன் இஷ்டத்துக்குச் செய்தது. பதினோரு அடிதான். மூக்கும் வாலும் வாழைப்பழம் போல மேலே வளைந்திருக்கும். சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக அப்படி. இருவரும் முழங்காலிட்டு, தொடையைச் சைக்கிள் டியூப் பட்டையால் கட்டிக்கொண்டு முகாம் மடுவில் சோதித்தார்கள்.

அமலி வலப்பக்கம் துடுப்பைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். கடல்காரர்களின் இழுப்பு, நீளமாக, முரட்டுத்தனமாக. படகு முன்னே போகவில்லை. நின்ற இடத்திலேயே சுழன்றது! மாதப்பன் முன்னால் துடுப்பை ஊன்றித் தண்ணீரைத் தன் பக்கம் அணைத்தார். இன்னும் வேகமாகச் சுழன்றது!

"என்னாம்மா இது, படகா, ஆட்டுக்கல்லா?" என்று கத்தினார் மாதப்பன். "மாவு போட்டா அரைச்சுரும் போல!"

அமலிக்குச் சிரிப்பு வரவில்லை. கரையேறி மணலில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

பெலிக்ஸ் செய்த படகு நேராக மட்டும் ஓடும், திரும்பாது. இவள் செய்தது திரும்ப மட்டும் செய்யும், ஓடாது. மாதப்பன் தண்ணீரைத் தள்ளுகிறவர் இல்லை. அணைத்து இழுக்கிறவர். அவருக்கு வளைந்த மூக்கு வேண்டும். அவள் தள்ளுகிறவள். அவளுக்கு நேரான வால் வேண்டும்.

அவள் துள்ளி எழுந்தாள். "அண்ணே, மூக்கு உங்களுக்கு, வால் எனக்கு! ஒரு படகுல ரெண்டு படகு!"

"ஒண்ணும் புரியல. ஆனா சீக்கிரம் பண்ணு."

படகைக் கவிழ்த்துப் போட்டாள். வால் பக்க அடியில், நடுக்கோட்டில், நாலடி நீளத்துக்கு ஒரு முதுகெலும்பு போல மரச் சட்டத்தை வைத்தாள். அதன் மேல் ஃபைபர் பாய், அதன் மேல் ரெசின் பசை. இந்தச் சட்டம் தண்ணீரைக் கவ்விக்கொண்டால் பின்னாலிருந்து எவ்வளவு தள்ளினாலும் வால் நழுவாது. மூக்கு மட்டும் மாதப்பன் இழுத்த பக்கம் போகும்.

ஆனால் ரெசின் இறுக வெயில் வேண்டுமே! வானம் சாம்பலாகக் கவிந்து கிடந்தது. பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுப்பு. பதினொன்றுக்கும் பிசுபிசுப்பு!

"இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கூடக் கலந்திருக்கலாமோ?" மாதப்பன் கேட்டார்.

"கூடினா வெடிச்சுப் போவும், அண்ணே. சூடு வேணும், சூடு!"

முனிரத்தினம் சமையற்கொட்டகைக்கு ஓடினார். பெரிய வாணலியில் ஆற்று மணலை வறுக்க ஆரம்பித்தார்! சாக்கில் கட்டி, சுடச்சுடத் தூக்கிவந்து சட்டத்தின் இரண்டு பக்கமும் அணைத்து வைத்தார். ஆற ஆற வேறு மூட்டை. பன்னிரண்டரை மணிக்கு அமலி நகத்தால் தட்டினாள்.

டக். கண்ணாடிச் சத்தம்.

*

மேல்துறை. மணி ஒன்று இருபது.

மூக்கிலும் வாலிலும் காற்றடித்த டியூப்களைத் திணித்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் புகுந்தாலும் படகு மூழ்காது. முதல் முறுக்கின் வாய், கறுப்பாகத் திறந்து கிடந்தது.

"நான் 'போ'ன்னா தள்ளு. 'நில்லு'ன்னா துடுப்பைத் தூக்கிரு" என்றார் மாதப்பன். "உன் வீரத்தைக் கடல்ல வச்சுக்க."

"சரி, அண்ணே. போலாம்!"

தண்ணீர் படகைப் பறித்துக்கொண்டு போனது!

முதல் முறுக்கு இடது. மாதப்பன் இடப்பக்கம் அணைத்தார். மூக்கு திரும்பியது. "போ!" அமலி தள்ளினாள். படகு அம்பாகப் பாய்ந்தது. இரண்டாவது வலது. மூன்றாவது, படிபோல் இறங்கும் நாலடிச் சரிவு. முகத்தில் அறைந்த தண்ணீரில் மூச்சே நின்றது. வெளியே வந்தபோது இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பயத்திலா, சந்தோஷத்திலா, அவர்களுக்கே தெரியாது.

"ஓடுதுண்ணே! படகு ஓடுது!"

நான்காவது முறுக்கில் அந்தச் சந்தோஷம் நொறுங்கியது.

வளைவு முடிகிற இடத்தில் யானை அளவு பாறை. நீரோட்டம் படகைக் குறுக்கே திருப்பி அதன் மேல் அறைந்தது. அந்தக் கணத்தில் மாதப்பன் இருபது வருஷமாகச் செய்ததைச் செய்தார். பாறைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தார்! பரிசல் பாறையில் மோதினால் அப்படித்தான் சாய வேண்டும். பாறைப் பக்கத்து விளிம்பு தூக்கிக்கொள்ளும், வட்டப் பரிசல் உருண்டு விலகிவிடும்.

ஆனால் இது வட்டமில்லை! சாய்ந்த பக்கம்தான் வெள்ளம் வருகிற பக்கம். விளிம்பு தாழ்ந்ததும் ஆறு மொத்தமாக உள்ளே ஏறியது. படகு பாறையோடு ஒட்டி நெளிந்தது. ஃபைபர் முனகியது.

"அண்ணே! பாறைப் பக்கம்! பாறைப் பக்கம் சாயுங்க!"

"அடி கிழிஞ்சுரும்!"

"கிழியட்டும்! பாறையைக் கட்டிப் புடிங்க! பொண்டாட்டிய நினைச்சுக் கட்டிப் புடிங்க!"

மாதப்பன் அந்த நேரத்திலும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஆனால் பாய்ந்து பாறையை இரண்டு கையாலும் தழுவினார். அமலியும் உடம்பை அதன் மேல் எறிந்தாள். வெள்ளப் பக்கத்து விளிம்பு மெல்ல எழும்பியது. ஓட்டம் அடியில் நுழைந்து தூக்கியது. கர்ர்ர்ரென்ற சத்தத்துடன் படகு பாறையை உரசி நழுவியது!

ஒரு சிறு மடுவில் ஒதுங்கி, பக்கெட்டால் தண்ணீரை இறைத்தார்கள். மாதப்பன் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"என் தப்பும்மா."

"பரிசல்ல அதுதான் சரி, அண்ணே. கிளம்புங்க."

*

ஐந்தாம் முறுக்கில் பெலிக்ஸ் பத்தடி உயரத் திட்டில் கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையைப் பார்த்தது.

"ஏளா அமலி! நீ எதுக்கு வந்த?"

"உன் துடுப்பை வாங்கிட்டுப் போக வந்தேன்! வாயை மூடு, காலைக் காட்டு."

உடைந்த மரக்கிளையை வைத்து, டியூப் பட்டையால் காலைக் கட்டினாள். மாதப்பன் அவனை முதுகில் சுமந்து அங்குலம் அங்குலமாக இறக்கினார். வழுக்குப் பாறை. பாதியில் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. பெலிக்ஸ் உதட்டைக் கடித்து ரத்தம் வரவழைத்தான். ஆனால் கத்தவில்லை. படகின் நடுவில், அமலியின் முழங்காலில் முதுகைச் சாய்த்து உட்கார வைத்தார்கள்.

அப்போது எங்கோ தூரத்தில், மலைகளைத் தாண்டி, சங்கு ஊதியது.

மூன்று மணி!

"போ! போ! போ!" மாதப்பன் இந்த முறை நிறுத்தவேயில்லை. அமலி தள்ளினாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஆறாவது முறுக்குக்கு முன்னால் மரம் ஒன்று குறுக்கே சிக்கிக் கிடந்தது. படகைத் தூக்கிப் பாறை மேல் இழுத்து, பெலிக்ஸை மறுபடி சுமந்து, மறுபடி ஏற்றி... பொன்னான பத்து நிமிஷம் போயே போய்விட்டது!

ஆறாவதைக் கடந்தபோது தண்ணீரின் நிறம் மாறியது. பச்சையில் செம்மண் கலந்தது. சருகும் நுரையும் பக்கத்தில் ஓடின. பின்னால் ஓர் உறுமல்.

"வந்துருச்சு" என்றார் மாதப்பன்.

ஏழாவது முறுக்கு! ஆறு மொத்தமும் வலப்பக்கச் சுவரில் முட்டி, அடியில் குடைந்த ஒரு குகைக்குள் பாதியாகப் போகிறது. மீதிப் பாதி சட்டென்று இடது பக்கம் திரும்புகிறது. குகைக்குள் போனது எதுவும் முழுசாக வெளியே வந்ததில்லை.

மாதப்பன் இடப்பக்கம் துடுப்பை ஊன்றி மார்போடு அணைத்தார். மூக்கு திரும்பவில்லை! இன்னொரு முறை. திரும்பவில்லை!

அமலிக்கு உறைத்தது. மூன்று பேர் பாரம். பெலிக்ஸின் எடை முழுக்கப் பின்னால். வால் அமிழ்ந்து, அவள் ஒட்டிய சட்டம் தண்ணீரை இரும்புப் பிடியாகக் கவ்வியிருக்கிறது. அவளுக்காகவே செய்த வால். அதுவே கொல்லப்போகிறது!

குகை வாய்க்கு இருபது அடி.

"பெலிக்ஸ்! முன்னால ஊர்ந்து போ! மாதப்பன் அண்ணன் முதுகுல போய் ஒட்டு!"

"கால்…"

"உன் கால் என் பொறுப்பு! ஊர்ந்து போ!"

பெலிக்ஸ் குப்புறப் புரண்டான். இரண்டு முழங்கையாலும் உடம்பை இழுத்தான். இப்போதுதான் முதல்முறையாக அலறினான். அலறிக்கொண்டே ஊர்ந்தான். மூன்றடி. மாதப்பனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

மூக்கு தாழ்ந்தது. வால் எழும்பியது. சட்டம் தண்ணீரை விட்டது!

"இப்ப!"

மாதப்பன் அணைத்தார். அமலி வாலை வெளியே தள்ளினாள். படகு கதவு போலச் சுழன்றது. குகையின் குளிர்ந்த மூச்சு அமலியின் கன்னத்தில் பட்டது. துடுப்பின் நுனி சுவரில் உரசியது. அடுத்த நொடி பின்னாலிருந்து வெள்ளம் அவர்களை அள்ளியெடுத்து, மலைக்கு வெளியே, வெளிச்சத்துக்குள் துப்பியது!

கரையில் முனிரத்தினமும் வனக்காவலரும் கயிறு வீசினார்கள். மேட்டு மணலில் ஏறி விழுந்து திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் வந்த வழி முழுக்கச் செம்மண் வெள்ளம்.

முனிரத்தினம் ஓவென்று அழுதுகொண்டே எல்லோரையும் மாறி மாறிக் கட்டிப்பிடித்தார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது பெலிக்ஸ் மல்லாந்து கிடந்தான். பிறகு தலையைத் திருப்பினான்.

"மாதப்பன் அண்ணே, துடுப்பை அணைக்கும்போது முழங்கை வெளிய போவுதா, உள்ள இருக்குதா?"

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ சாமி!"

"சொல்லுங்கண்ணே. நான் மூணு படகு செஞ்சேன். ஓட்டுறவரு கையை ஒரு தடவை கூடப் பாக்கல." அவன் தங்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ சிரிக்காம இரு, அமலி."

அமலி சிரிக்கவில்லை. ஈரமான சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, ஒரு முனையை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"பிடி. மாதப்பன் அண்ணே, கையை நீட்டுங்க."

மாதப்பன் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கையை நீட்டினார்.