இனிகோவின் ஒரு கோடி

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம். ஆடிக் காற்றில் காணாமல் போன மீனவர் ரோச்சின் வள்ளம் நான்காம் நாள் பத்திரமாகக் கரை திரும்பியது. வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

ரோச்சின் மகன் இனிகோ மட்டும் மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். ஆறு வயதுப் பையன், பம்பரத்தைத் தொடவில்லை. சரியாகத் தூங்கவும் இல்லை. மூன்றே நாளில் தொண்டை கட்டிவிட்டது.

அக்கா ஆக்னஸுக்குப் பாவமாக இருந்தது.

"என்னலே முணுமுணுக்க?"

"போக்கா! எண்ணிக்கை விட்டுப்போச்சு!" அவன் அழுதேவிட்டான்.

அழுகையோடு அழுகையாக விஷயம் வெளியே வந்தது. அப்பா திரும்பி வந்தால் ஒரு கோடி 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்வதாக மாதாவிடம் நேர்ந்திருக்கிறான்!

"ஏலே, கோடின்னா எவ்வளவு தெரியுமா?"

"நூறுக்கு அடுத்தது. 'கோடி தடவை சொல்லிட்டேன், காலைக் கழுவு'ன்னு அம்மா தினமும் சொல்லுதால்லா?"

ஆக்னஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிலேட்டை எடுத்தாள். கணக்குப் போடப் போட சிரிப்பு போய்விட்டது. ஒரு ஜெபத்துக்குப் பத்து விநாடி. சோறு தூக்கம் இல்லாமல் சொன்னாலும் ஒரு லட்சத்துக்கே கிட்டத்தட்டப் பன்னிரண்டு நாள் ஆகும். அப்படி நூறு லட்சம் சேர்ந்தால்தான் ஒரு கோடி. மூன்று வருஷத்துக்கும் மேல்!

"ஒண்ணு சொன்னாலே மாதாவுக்குப் போதும்லே," என்றாள் அம்மா.

"சொன்ன சொல் மாறலாமா? திருவிழா முடிஞ்சதும் அப்பா மறுபடி கடலுக்குப் போவாவல்லா?" என்றான் இனிகோ. அம்மா அவனை அணைத்துக்கொண்டாள்.

மாதா கோயிலில் கொடி ஏறியிருந்தது. தெருவெல்லாம் கூட்டம். "இந்த வருஷம் லட்சம் பேர் வருவாவ," என்றார் பொரிகடலைக் கடை பால்துரை.

"நெசமா லட்சமா அண்ணாச்சி, சும்மா வாய்ப்பேச்சா?" என்று கேட்டாள் ஆக்னஸ்.

"நெசந்தான்ளா. பேப்பர்லயே போட்டிருக்கான்."

ஆக்னஸ் ஒரே ஓட்டமாகப் பங்குச் சாமியாரிடம் போனாள்.

"சாமி, ஒரு ஜெபமாலையில அம்பத்து மூணு 'அருள் நிறைந்த மரியே' வருது. லட்சம் பேர் ஆளுக்கு ரெண்டு ஜெபமாலை சொன்னா ஒரு கோடியே ஆறு லட்சம். தம்பிக்காக எல்லாரையும் சொல்லச் சொல்லுவியளா?"

சாமியார் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்தார். "ஒரு தப்பும் இல்லை," என்று சிரித்தார்.

இனிகோவுக்குத்தான் சந்தேகம். "நேர்ந்தது நானுல்லா?"

"ஏலே, கரைவலையை ஒருத்தனா இழுக்கான்? ஊரே சேர்ந்துதான இழுக்கு?" என்றாள் ஆக்னஸ். அவன் தலையாட்டினான்.

திருவிழா அன்று மாலை ஒலிபெருக்கியில் சாமியார் விஷயத்தைச் சொன்னார். முதலில் கூட்டம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக ஜெபமாலையைக் கையில் எடுத்தார்கள். கோயில், தெரு, கடற்கரை என்று எங்கும் ஒரே ஜெபச் சத்தம். மகன் பக்கத்தில் முழங்காலில் நின்ற ரோச்சுக்குக் கண் கலங்கியது.

"அக்கா, கோடி முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சுட்டு. ஆறு லட்சம் மிச்சமும் இருக்குலே."

இனிகோ சற்று யோசித்தான்.

"அதை மத்த பிள்ளைங்களோட அப்பாமாருக்குக் குடுத்துரு," என்று கொட்டாவி விட்டவன், அப்பாவின் மடியில் படுத்துத் தூங்கிப்போனான்.