பாலம் ஏறாத கார்

"என் வூட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிட்டாங்க மேடம். கடை ஆளுங்க அத்தினி பேர் முன்னாடி, கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளிட்டாரு அந்த மனுஷன்."

வேலம்மா உட்காரவில்லை. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி மயிலாப்பூர் வந்தவள், வைதேகி காட்டிய நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் கணவன் நாகராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு.

வைதேகி முப்பது ஆண்டுகள் காப்பீட்டுக்காக விபத்து வண்டிகளைச் சோதித்தவர். ஓய்வுக்குப் பிறகும் இப்படி யாராவது வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் நல்லசிவத்துக்கு நாகராஜ் டிரைவர். மழைக்காலத்தில் அவருடைய கார் அடையாறு பாலம் ஏறத் திணறியது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் உள்ளே உருகி அடைத்துவிட்டது என்று, கார்த்திகையில் புதியது போட்டார்கள். தை பிறந்ததும் அதுவும் போய்விட்டது. டிரைவர் பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறான் என்றார் ஒர்க்ஷாப்காரர் குருபிரசாத்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கலைன்னா போலீஸாம்" என்றாள் வேலம்மா. "அப்புறம் இவரை நம்பி எவன் வண்டி குடுப்பான்?"

"வாங்க மேடம், இப்பவே போலாம்" என்று எழுந்தார் ஷரஃபுதீன். மந்தைவெளியில் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். வைதேகியின் எல்லா வழக்குக்கும் முதல் ஆளாக வந்துவிடுவார். "அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

"அவரை அப்புறம் கேக்கலாம் ஷரஃபு. முதல்ல வண்டியைக் கேப்போம்."

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டு வாசலில் நல்லசிவம் மறித்து நின்றார்.

"வெள்ளத்துல என் வண்டி முங்கினப்போ நேர்மையா அறிக்கை எழுதினது நீங்க. அதுக்காகத்தான் உள்ள விடுதேன். இவன் மூஞ்சியைப் பாக்க எனக்கு இஷ்டமில்ல. வண்டியைச் சாமி மாதிரி வச்சிருக்கேன் மேடம். ஆயுத பூஜைக்குக்கூட ஒருத்தரையும் தொட விடமாட்டேன். குளிச்சிட்டு வந்து நானேதான் எல்லாம் செய்வேன்."

"இவருக்கும் சாமி உண்டு சார்" என்றாள் வேலம்மா.

வைதேகி கேட்டுக்கொண்டபடி குருபிரசாத்தும் பில்லுடன் வந்திருந்தார். "நேத்துகூட மோந்து பாத்தேன் மேடம். டேங்க்ல மண்ணெண்ணெய் வாடை."

வண்டி மூன்று நாளாக அந்த இடத்தை விட்டு நகரவில்லை; டேங்கில் இருந்தது நேற்றைய அதே பெட்ரோல்தான். ஷரஃபுதீன் எரிபொருள் குழாயைக் கழற்றிச் சில துளிகளை வெள்ளைத்தாளில் விட்டார். எல்லோரும் பார்த்திருக்க, தாள் உலர்ந்தது. கறை இல்லை.

"மண்ணெண்ணெய் இருந்தா எண்ணெய்ப் பிசுக்கு நின்னிருக்கும்" என்றார் வைதேகி.

"இன்னா நைனா, உன் மூக்கு கடன் வாங்கினதா?" என்று குருபிரசாத்தை நெருங்கிய ஷரஃபுதீனை, வைதேகி ஒரு பார்வையில் நிறுத்தினார்.

ஷரஃபுதீன் குழாயை மாட்டி, எஞ்சின் மேல்மூடியைக் கழற்றினார். வைதேகி குனிந்து உள்ளே நெடுநேரம் பார்த்தார். வண்டியைக் கிளப்பச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரை எஞ்சின் மேல் வைத்தார். தண்ணீர் விட்டு விட்டுக் குலுங்கியது. ஷரஃபுதீன் இணைத்த சோதனைக் கருவி, குறை மூன்றாம் சிலிண்டரில் என்று காட்டியது.

"நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யல. தீப்பொறி விழாத சிலிண்டர் பெட்ரோலை எரிக்காம வெளியே தள்ளும். அது கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும். அந்தச் சூட்டுல உள்ளே இருக்கிற தேன்கூடு மாதிரியான ஓடு உருகிடும். கன்வெர்ட்டர் சும்மா சாகறதில்லை சார், மேலே இருக்கிற ஒண்ணு கொல்லறது."

"அது எனக்குத் தெரியாதா?" குருபிரசாத் பில்லை நீட்டினார். "அதனாலதான் அப்பவே அந்த மூணாவது சிலிண்டருக்குத் தீப்பொறி குடுக்கிற காயிலும் மாத்தினேன். தீப்பொறியைச் சரி பண்ணாம கன்வெர்ட்டரை மட்டும் மாத்தினா புதுசும் போயிடும். பாருங்க, எழுதியிருக்கு."

"நன்னாச் சொன்னேள்" என்றார் வைதேகி. "ஷரஃபு, மூணாவது காயிலை முதல் இடத்துல போடு. முதலாவதை மூணுல."

மாற்றிப் போட்டு மறுபடி சோதனைக் கருவியை இணைத்தார் ஷரஃபுதீன். சற்று முன் மூன்றாம் சிலிண்டரில் காட்டிய குறையை, இப்போது முதலாவதில் காட்டியது. காயிலோடு சேர்ந்து நோயும் இடம் மாறிவிட்டது.

"புதுசும் சில சமயம் மட்டமா வரும்" என்றார் குருபிரசாத், சற்றே இறங்கிய குரலில்.

"புதுசுதானா? நல்லசிவம் சார், கொஞ்சம் இப்படி வாங்கோ."

நான்கு காயில்களின் தலையிலும் காய்ந்த சந்தனம்; அதன் நடுவே குங்குமம். நான்கும் ஒரே அளவு, ஒரே பழுப்பு.

"இது யார் வெச்சது?"

"நான்தான். திருச்செந்தூர்ச் சந்தனம். மூடியைக் கழத்தி நானே வச்சேன்."

"எப்போ?"

"ஆயுத பூஜைக்கு. புரட்டாசில."

"புரட்டாசியில வெச்ச பொட்டு, கார்த்திகையில வந்த காயில் மேல எப்படி சார் வந்தது?"

எல்லோரும் குருபிரசாத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டிரைவர் அப்புறம் வச்சிருப்பான்" என்று தொடங்கினார் குருபிரசாத்.

"அந்தச் சந்தனம் என் பூஜையறைல பூட்டுக்குள்ள இருக்குய்யா." நல்லசிவம் குருபிரசாத்தின் பக்கம் வந்தார். "புதுசுக்குக் காசு வாங்கிட்டு, பழைய காயிலையே விட்டுட்டு, அது கெடுத்த பழியை இவன் மேல போட்டிருக்கீர். அந்தப் போலீஸ் புகார் உம்ம பேர்லதான் போகும். இங்க நிக்காதேயும்."

குருபிரசாத் பில்லைக்கூட வாங்காமல் போனார்.

நல்லசிவம் நாகராஜிடம் சாவியை நீட்டினார். நாகராஜின் கை எழவில்லை. வேலம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இரும்புக்குப் பொட்டு வெச்ச அதே கைதானே சார் இவரு கழுத்தைப் புடிச்சுது? எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கறதும் கடையில அவங்க முன்னாடிதான் வாங்கணும்."

நல்லசிவத்தின் தலை குனிந்தது. அன்று மாலை தி.நகர் கடையில், விற்பனையாட்கள் எல்லோரையும் நிறுத்திவைத்து, "நாகராஜ் திருடலை. விசாரிக்காம சொன்னது என் தப்பு" என்று சொன்னார். 

மறுநாள் ஷரஃபுதீன் முதலில் காயிலையும் பிறகு கன்வெர்ட்டரையும் மாற்றினார். எஞ்சின் மேல் மறுபடி டம்ளர் வைக்கப்பட்டது. இந்த முறை தண்ணீர் அசையவில்லை. வெயிலில் வியர்த்து ஒதுங்கி நின்ற நல்லசிவத்தை நாகராஜ் பார்த்தான். உள்ளே போய் வேறொரு டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

"குடிங்க சார்."

வேலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இன்னும் ஆறவில்லை. நல்லசிவம் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.