வெள்ளைத்தாள் ஓடிய மத்தியானம்

"போனக் கீழ வைங்க! யாருக்கு அனுப்புறீக?"

ஜெஸ்லின் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அச்சகத்தின் ஆப்செட் மெஷினுக்குப் பின்னாலிருந்து, மை படிந்த கையோடு வந்துகொண்டிருந்தான் அதை ஓட்டும் இன்பராஜ். கோபத்திலும் என்ன அழகான கண்கள்... சே, இந்த நேரத்தில் அதையா கவனிப்பது!

"போட்டோ எடுக்கலங்க. மெஷின் சத்தத்தப் பிடிச்சேன்."

"யாரு காதுல பூச் சுத்துறீக? ஆடிப்பெருக்குக்குத்தான் புது காலண்டர் டிசைன் ஆல்பமே வெளிய வரும். அதுக்குள்ள டிசைன் அடுத்த கம்பெனிக்குப் போச்சுன்னா இந்த சீசனே அம்புட்டுத்தான்!"

போனை வாங்கினான். எது என்னவென்று தெரியாமல் ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டுத் திருப்பித் தந்தான். அதில் படம் எதுவும் இல்லை. மாதக்கணக்கில் அவள் கோத்து வைத்திருந்த இசை இருந்தது.

அழக்கூடத் தெம்பில்லை அவளுக்கு. பகலெல்லாம் காலண்டருக்குத் தகரம் அடிக்கும் வேலை. சாயங்காலம் சொந்த ஊர் விஸ்வநத்தம் போய் இறங்கினால் வீட்டு வேலை. அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் உயிரை வைத்துக்கொண்டு, போனில் ஒரு இசை ஆப்பைத் திறந்து சத்தங்களை அடுக்கப் பழகியிருந்தாள். சர்ச்சில் சொன்னால், "கொயர்ல பாடேம்மா" என்றார்கள். ஆன்லைன் குரூப்பில் எல்லாரும் ஆண்கள். "பாடுவீங்களா சிஸ்டர்?" என்றார்கள். எனக்குப் பாட வேண்டாம், இசையமைக்க வேண்டும்... எத்தனை பேரிடம்தான் சொல்வது? போதும், விட்டுவிடலாம். அன்றிரவே அந்த ஆப்பைப் போனிலிருந்து தூக்கிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. வேனுக்காக கேட்டருகே நனைந்தபடி நின்றவளிடம் குடையை நீட்டினான் இன்பராஜ். அவள் வாங்கவில்லை.

"நேத்து அவசரப்பட்டுட்டேங்க... அதுல என்ன இருந்துச்சு?"

"நான் போட்ட இசை இருந்துச்சு. இப்ப இல்ல. விடுங்க."

"மெஷின் சத்தத்த வச்சு எப்படிங்க இசை போடுவீக?"

பாடுவீகளா என்று கேட்காத முதல் ஆள்! எங்கே இளகிவிடுவோமோ என்று முகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். வேன் வந்ததும் ஏறிவிட்டாள். ஆனால் வேன் ஊர் போய்ச் சேருமுன் ஆப்பை மறுபடி இறக்கியிருந்தாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம், சாப்பாட்டு நேரத்தில் அவன் வந்து நின்றான்.

"கொஞ்சம் இங்கன வாங்க."

மெஷினில் டிசைன் பிளேட்டைக் காணோம். வெறும் வெள்ளைத்தாள் அடுக்கியிருந்தது.

"கழிவுத்தாள்தான். மொதலாளிட்ட கேட்டுட்டேன். இப்ப சத்தத்த எம்புட்டு வேணும்னாலும் பிடிச்சுக்கோங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் அலுப்பும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"ஓடும்போது தும்மக்கூடக் கூடாது. சரியா?"

தலையாட்டினான். மெஷின் ஓடியது. சக்... டக்... சக்... டக்... அச்சில்லாத தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"ஜெஸ்லின்..."

அவள் உதட்டில் விரல் வைத்து முறைத்தாள்.

"முடியலங்க. இப்ப விட்டா எனக்குத் தைரியம் வராது. ஒங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு..."

அவள் பதிவை நிறுத்தினாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"ஒங்க பேச்சு உள்ள விழுந்திருச்சு. மறுபடி ஓட்டுங்க."

தாளைச் சரிசெய்யக் குனிந்தான். பக்கத்தில் வந்து நின்றாள் ஜெஸ்லின்.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு... இப்பவாச்சும் வாயத் தெறக்காம ஓட்டுங்க."