வெள்ளிக்கிழமை வரை விசா

ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவனை அலாக்காகத் தூக்கி டெர்வென்ட் ஆற்றில் போட்டால் என்ன என்று பிபனாவுக்குத் தோன்றியது.

நடந்துகொண்டிருந்தது ஆங்கிலத் தேர்வு. ஹெட்போனில் ஒரு வாக்கியம் வரும்... அதை அப்படியே மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். அறையில் பத்துப் பேர். ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு வாக்கியம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மற்றவர்கள் மனிதக் குரலில்தான் பேசினார்கள். ஏழாம் நம்பர் மட்டும் இந்த மலையில் நின்று அடுத்த மலையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல் கத்தினான்.

அவளுக்கு வந்த வாக்கியம், 'பேராசிரியர் அடுத்த வாரம் ஊரில் இருக்கமாட்டார்.' வாயைத் திறந்தாள். அதே நொடியில் அவன், 'நூலகத்தின் மேல்மாடி பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டுள்ளது' என்று முழங்கினான்.

"பேராசிரியர் அடுத்த வாரம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருப்பார்" என்று பிபனா தெளிவாக, நல்ல உச்சரிப்போடு மைக்கில் சொன்னாள்.

சொன்னபிறகுதான் உறைத்தது. திரும்பித் தடுப்புக் கண்ணாடி வழியாக அவனை முறைத்தாள். அவனும் திரும்பினான். அகலமான கண்கள்... பிடிபட்ட திருடன்போல் ஒருமுறை படபடத்துத் தாழ்ந்தன. அதற்குப் பிறகு ஏழாம் நம்பரிலிருந்து சத்தமே வரவில்லை. வந்து என்ன, வராமல் என்ன? போனது போனதுதான்.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய மாணவர் விசா முடிகிறது. படித்து முடித்தவர்களுக்கான வேலை விசாவுக்கு அதற்குள் விண்ணப்பித்தாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய பழைய மதிப்பெண்ணே போதும் என்று, வீட்டில் கூட இருக்கும், அக்கா முறையில் பழகும் சபிதா தீதி அடித்துச் சொன்னதை நம்பிவிட்டாள். அது செல்லாது என்று போன வாரம்தான் தெரிந்தது. கிடைத்த ஒரே தேர்வுத் தேதி இந்தச் செவ்வாய். முடிவு வர இரண்டு நாள். தேறாவிட்டால்... சமூகப்பணிப் பட்டம், ஹோட்டல் அறைகளைத் துடைத்துத் துடைத்துப் படித்த படிப்பு, காத்திருக்கும் மருத்துவமனை வேலை, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊரான சித்வனுக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

வெளியே ஹோபார்ட் நகரத்தின் ஜூலை மாதக் குளிர்கால மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றவள், "கழுதை... கழுதைக்குக்கூடக் கொஞ்சம் அடக்கம் இருக்கும்" என்று நேபாளியில் முணுமுணுத்தாள்.

"நான்தாங்க அந்தக் கழுதை" என்றது பின்னாலிருந்து அதே மொழியில் ஒரு குரல். "பேரு உகேஷ். ஊர் கீர்த்திபூர்."

பிபனாவுக்கு முகம் சூடானது. ஆனாலும் இறங்கிவரத் தயாராக இல்லை. "பேரையும் ஊரையும் யாரு கேட்டா? ஏங்க, மைக்குன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்கன்னு உங்க ஊருக்குச் சேதி வரலையா?"

"வந்துச்சுங்க. எனக்குத்தான் பழகிப்போச்சு. முதியோர் இல்லத்துல வேலை... அங்க நார்மன்னு ஒருத்தர், ரெண்டு காதுலயும் மெஷின். அவருக்குக் குட்மார்னிங் சொன்னா தெருவே பதில் சொல்லும்."

"உங்களால என் பேராசிரியரைப் பழுது பார்க்க மூடிட்டேன்!"

அவன் புரியாமல் விழித்தான். அவள் சொன்னாள். அவன் சிரிப்பை அடக்கிப் பார்த்தான்... முடியவில்லை. அவளுக்கும் உதடு துடித்தது. அடுத்த நொடியே வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

"சிரிக்காதீங்க. வெள்ளிக்கிழமையோட என் விசா முடியுது."

அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. "எந்த வெள்ளி... இந்த வெள்ளியா?"

"இந்த வெள்ளிதான்."

அவன் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. காற்று எந்தப் பக்கம் இருந்து சாரலை அடித்ததோ அந்தப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டான். பஸ் வருவதற்குள் அவன் இடது பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. அவள் மேல் ஒரு துளி விழவில்லை. ஏறும்போது, "முடிவு வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க... இல்லன்னா எனக்குச் சோறு இறங்காது" என்று நம்பரைக் கொடுத்தான். அவள் வேண்டாவெறுப்பாக வாங்கினாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை நகரவே இல்லை. பல்கலைக்கழகக் கடிதம், போலீஸ் சான்று, காப்பீடு, எல்லாம் கம்ப்யூட்டரில் வரிசையாக ஏற்றி வைத்திருந்தாள். ஆங்கிலத்துக்கான கட்டம் மட்டும் காலி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈமெயிலைத் திறந்தாள். பருப்புக் கடை விளம்பரம் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து முன்னாள் மாணவர் விருந்துக்கு அழைப்பு வந்தது... இந்த நாட்டில் இருந்தால்தானே விருந்துக்குப் போக?

"சாப்பிடுடி" என்று தட்டைத் தள்ளினாள் சபிதா தீதி. "எதுக்கு இப்படி உயிரை விடற? அந்த உகேஷ் நம்ம நேபாளி ஃபுட்பால் கூட்டத்துப் பையன்தான். அவனும் விண்ணப்பிக்கப் போறான், விசா முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கு. அவன் விண்ணப்பத்துல துணைவின்னு உன் பேரைச் சேர்த்தா முடிஞ்சுது. ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் இருக்காங்க."

"தீதி! பழைய மார்க் போதும்னு சொன்னதும் நீங்கதான்."

தீதி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் போனை மூடவில்லை. மாலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் உகேஷ், சொட்டச் சொட்ட நின்றான்.

"தீதி போன் பண்ணிச் சொன்னாங்க... என் விண்ணப்பத்துல உங்க பேரைச் சேர்க்கறதப் பத்தி... எனக்குச் சம்மதம்."

பிபனாவுக்குச் சுருக்கென்றது. "சம்மதமா? நான் எப்பங்க கேட்டேன்? தப்பு பண்ணிட்டோம்னு பிச்சை போட வந்தீங்களா?"

"பிச்சை இல்லைங்க. நான்..."

"பொய்க் கையெழுத்துப் போட்டு ஒருத்தன் முதுகுல ஏறிக்கிட்டு நான் இங்க இருக்கணும்னு இல்ல. இருந்தா என் பேர்ல இருப்பேன். இல்லன்னா போயிடுவேன். நீங்க கிளம்புங்க."

அவன் தலையாட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான். கதவைச் சாத்திய பிறகும் அந்த முகம் போகவில்லை. பிச்சை போட வந்தவன் முகமா அது? பிச்சை கேட்க வந்தவன் முகம் அல்லவா... சே, என்ன நினைப்பு இது! நாளைக்கு இந்நேரம் நான் எந்த நாட்டுக்காரி என்பதே தெரியவில்லை, இதில் ஒருத்தன் முகம் ஒரு கேடா?

வியாழன் பகல் பதினொன்றரைக்கு முடிவு வந்தது.

அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தைத் தொட்டாள். பிறகு திறந்தது. எழுத்து, வாசிப்பு, கேட்டல் எல்லாம் நன்றாக இருந்தன. பேச்சு... தேவையான மதிப்பெண்ணை மயிரிழையில் தாண்டியிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். அழுதுகொண்டே விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாக முடித்தாள். ஒரு கேள்வியில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பதிலைக் குறித்து, அனுப்பியும் விட்டாள். 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்ற கடிதம் வந்ததும் அவள் கை தானாக அவன் நம்பரை அழுத்தியது. அவன் எடுக்கவில்லை. மூன்று தடவையும் எடுக்கவில்லை.

அவன் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் எது என்று தீதியிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் போனாள்.

சாப்பாட்டு அறையில் உகேஷ் ஒரு பெரியவர் பக்கத்தில் குனிந்து, "நார்மன்! சூப் சுடுது! ஊதிக் குடிங்க!" என்று கட்டடம் அதிரச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"வந்துருச்சு. தேறிட்டேன். விண்ணப்பமும் போயிடுச்சு" என்றாள்.

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "நெசமாவா... நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கலைங்க" என்று அவளைக் கூடத்து ஜன்னல் பக்கம் அழைத்துப் போனான்.

"உங்களுக்கு?"

"வந்துச்சு. பாத்துக்கலாம்."

"காட்டுங்க."

தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். எல்லாம் அவளைவிட அதிகம். பேச்சு மட்டும் பாதிகூட இல்லை. பிபனா நம்ப முடியாமல் நிமிர்ந்தாள். "உங்க குரலுக்கா? எப்படி?"

"நீங்க திரும்பிப் பாத்தீங்கல்ல... அதுக்கப்புறம் ரகசியம் பேசற மாதிரிதான் பேசினேன். உங்களுக்கு மறுபடி இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு. கம்ப்யூட்டருக்குக் கேக்கல போல."

அவள் உள்ளே எதுவோ உடைந்தது. இவனையா கழுதை என்றேன்... இவனிடமா பிச்சை என்று சொன்னேன்!

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீங்க பாவம் பாப்பீங்க. எனக்கும் கொஞ்சம் வீம்பு உண்டுங்க" என்றான் தரையைப் பார்த்து. "ஏழு வாரம் இருக்கு, மறுபடி எழுதறேன். அதுலயும் தேறலன்னா... ஊருக்குப் போயிடறேன். நீங்க அதுக்காக எதுவும் பண்ண வேண்டாம்."

"ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றாள் பிபனா. "விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருந்துச்சு, உகேஷ். துணைவர் யாராவது உண்டான்னு. இல்லன்னு குறிச்சேன். உண்மைதானே, யாரும் இல்லதானே... ஆனா அதை அழுத்தறப்ப என்னமோ பொய் சொல்ற மாதிரியே இருந்துச்சு. கை ஓடல. ஏன்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன்."

"ஏன்?"

"இன்னுமா புரியல?"

அவன் தரையிலிருந்து கண்ணை நிமிர்த்தினான். "நேத்து தீதி சொன்னாங்கன்னு வந்தேன்னு சொன்னேன்ல... அதுதான் பொய். தீதி சொல்லாட்டியும் வந்திருப்பேன். விசாவுக்காக இல்ல, பிபனா. நீ ஊருக்குப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயந்துபோய் வந்தேன்."

முதல் தடவையாக அவன் வாயிலிருந்து 'நீ' வந்தது.

"அப்ப மறுபடி எழுது. தேறு. உன் பேர்ல நீ இரு, என் பேர்ல நான் இருக்கேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் ரெண்டு பேரையும் எங்க ஒண்ணா எழுதணுமோ அங்க எழுதிக்கலாம்."

"தேறலன்னா?"

பிபனா பிடித்த கையை விடவில்லை. ஏழு வாரம்... நாற்பத்தொன்பது நாள். மனசு அதற்குள் எண்ணத் தொடங்கிவிட்டது. காலையில்தான் ஒரு பயம் தீர்ந்தது, மத்தியானத்துக்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை அது அவளுக்கானது இல்லை. ஆனாலும் அதை யாரிடமும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.